மாமனார் குரலில் ஒரு லாரி

நான் எழுதிய ஒரே ஒரு வரியை நம்பி ஓர் ஊரே கிழங்கு பிடுங்கியிருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பெருமைப்படுகிற விஷயமாக இருந்தால் கொல்லிமலையில் இதற்குள் எனக்கு ஒரு சால்வையாவது போர்த்தியிருப்பார்கள்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் மானம் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று தெரியும். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். அதாவது, ‘இதைச் செய், அது முடிந்தால் அதைச் செய், முடியாவிட்டால் நிறுத்து’ என்று வரிசையாக எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை. இதில் ஒரு சங்கதி முக்கியம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கட்டளையை முடிக்கும்போதும் ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். வேறு எந்த எண்ணாக இருந்தாலும் கோளாறு. கேட்ட ஃபைல் இல்லை, அனுமதி இல்லை, எதிர்முனையில் ஆள் இல்லை என்று ஒவ்வொரு கோளாறுக்கும் ஒவ்வோர் எண். அந்தப் பிழை எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

இதை ஆபீஸில் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எழுதுவதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. யாராவது பிழை எண்ணைப் பார்க்காமல் விட்டிருந்தால் போச்சு, எல்லாரையும் உட்கார வைத்துப் பிரசங்கம்தான். (முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘சாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளு என்றுகூட இருந்தது.)

என் மனைவி பூங்கொடி கொல்லிமலைக்காரி. அரியூர் நாடு. (மலையில் ஊர்த் தொகுதியை ‘நாடு’ என்பார்கள்.) நான் மலைக்குக் கீழே துறையூர்ப் பக்கம். எனக்கு அந்த மலை என்றால் ஞாயிற்றுக்கிழமை புளியஞ்சோலை ஓடையில் குளித்துவிட்டுப் புளிசாதப் பொட்டலம் பிரிக்கும் இடம். அதற்கு மேலே ஊர்கள் இருக்கின்றன, அங்கிருந்து ஒருத்தி படித்து பெங்களூர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை. காதல் கல்யாணம். மாமனார் ரங்கசாமிக்கு முதலில் இஷ்டமில்லை. அப்புறம் மகளுக்காக ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டாரே தவிர, என்னிடம் அவர் பேச்சு “வாங்க மாப்ள”, “சாப்டீங்களா”, “ம்” ஆகிய மூன்றைத் தாண்டவில்லை. நான் எதைச் சொன்னாலும் மூன்றாவதுதான் பதில்.

பூங்கொடி பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். (நானும் பிரசவத்துக்கு வந்திருப்பதாகத்தான் அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.) கேபிள்காரர் வீடு வரைக்கும் இன்டர்நெட் வயர் இழுத்துக் கொடுத்தார். வாசல் அறையில் எனக்கு ஒரு மேசை. மாமியார் வேளாவேளைக்கு எதையாவது தட்டில் வைத்து நீட்டிக்கொண்டே இருந்தார். மூன்று மாதத்தில் பூங்கொடியின் வயிறும் என் வயிறும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்துவிட்டன.

அந்த மேசையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் மாமனார் பாறை ஏறுவது தெரியும்.

அவர்தான் ஊருக்கு லாரி சொல்பவர். அங்கே எல்லார் காட்டிலும் குச்சிக்கிழங்கு. வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பீர்கள். கீழே இருக்கிற ஜவ்வரிசி மில்லுக்குத்தான் போகும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை ராஜா. பிடுங்கி வெளியே போட்டால் ஓரிரு நாளில் கறுக்க ஆரம்பித்துவிடும். மாவுச்சத்து இறங்கிவிட்டது என்று மில்லில் பாயிண்ட்டைக் குறைத்துவிடுவார்கள், பாயிண்ட் குறைந்தால் விலையும் குறையும். அதனால் லாரி வருவது நிச்சயம் என்று தெரியாமல் யாரும் ஒரு செடியைக்கூடத் தொட மாட்டார்கள். நிச்சயம் என்றால் என்ன? ரங்கசாமி சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். “ரங்கசாமியே சொல்லீட்டாரு” என்றால் மறுநாள் காலை ஊரே காட்டில் நிற்கும். அவர் சொல்லி வராத லாரி கிடையாது.

வீடு பள்ளத்தில் இருந்ததால் அவர் போனுக்கு அங்கே சிக்னல் வராது. மிளகுக் கொடி ஏற்றிய மரங்களைத் தாண்டி மேலே ஒரு பாறை. அதன் மேல் நின்றால்தான் பேசலாம். ஏறுவார். அடிவாரத்து லாரி ஆபீஸைக் கூப்பிடுவார். எந்த லாரி, எந்த டிரைவர், வண்டி இப்போது எங்கே நிற்கிறது, டயர் எப்படி, டிரைவருக்குக் காய்ச்சல் விட்டதா என்று எல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் “அனுப்பீர்றனுங்க” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் போனைக் காதிலிருந்து எடுப்பார். அப்புறம் ஊரில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நலம் விசாரித்து, நடுவில் லாரி விஷயத்தைச் சொல்லி, மறுபடி நலம் விசாரித்து வைப்பார். ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கே போய்விடும்.

எனக்குப் பொறுக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் பாறை ஏறுகிறார், வீட்டுக்குள் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த மாப்பிள்ளை மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இதைச் சரிசெய்தால் அந்த ‘ம்’ கொஞ்சம் நீளும் என்று ஓர் ஆசை. உண்மையைச் சொன்னால் முட்டியைவிட அந்த ‘ம்’தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பூங்கொடியிடம் சொன்னேன். “அப்பா பண்றது நல்லாத்தான் போய்ட்டிருக்கு. நீ பேசாம உன் ஆபீஸ் வேலையப் பாரு” என்றாள். (பெற்றோர் முன்னால் ‘ஏங்க’, தனியாக ‘நீ’, கோபம் வந்தால் ‘டேய்’.) நான் கேட்கவில்லை. நேராக மாமனாரிடம் போனேன்.

“மாமா, நீங்க இனிமே பாறை ஏற வேணாம். கம்ப்யூட்டரே லாரி ஆபீஸுக்கு மெசேஜ் அனுப்பிரும். அது போய்ச் சேர்ந்துச்சுன்னா, ஊர்ல எல்லாருக்கும் அதுவே போன் போட்டுச் சொல்லிரும்.”

“அது எப்படீங்க சொல்லும்? அதுக்கு வாயி?”

“உங்க குரல்லயே சொல்லும். ஒரு தடவ பேசிக் கொடுத்தாப் போதும்.”

அவர் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “என்ற கொரல்லீங்களா?”

மறுநாள் குரல் பதிவு. மாமனார் குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மாமியார் கோழிகளைத் துரத்திவிட்டார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் ரங்கசாமி பேசறனுங்க. நல்லாருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு, மைக்கைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

“மாமா, அது பதில் சொல்லாது. நீங்க மேல பேசுங்க.”

“கேட்டுப்போட்டுப் பதிலக் கேக்காமப் பேசறதுங்களா? மருவாதியா இருக்காதுங்களே.”

அந்த ‘நல்லாருக்கீங்களா’வை வெட்டி எறியச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. கடைசியில் இப்படி முடிந்தது: “நான் ரங்கசாமி பேசறனுங்க. நாளைக்கிக் காத்தால லாரி வருதுங்க. கெழங்கப் புடுங்கீருங்க.” கணீரென்ற குரல். அதைத் திரும்பப் போட்டுக் காட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மாமியார் அடுப்படியிலிருந்து, “ஏனுங்க, கூப்ட்டீங்களா?” என்றார்.

ஸ்கிரிப்டை எழுதினேன். சாமியார் எழுதினால் சும்மாவா? லாரி ஆபீஸுக்கு மெசேஜ் அனுப்பு. உடனே பிழை எண்ணைப் பார். பூஜ்யமாக இருந்தால் மட்டும் ஊருக்குப் போன் போடு. இல்லாவிட்டால் அப்படியே நில். லாரி ஆபீஸுக்குப் பதிலாக என் எண்ணைக் கொடுத்துச் சோதித்தேன், போனது. தப்பான எண்ணைக் கொடுத்துச் சோதித்தேன், சமர்த்தாக நின்றுவிட்டது. அந்த நிமிஷத்தில் லேப்டாப்பை மூடி வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

மாமனார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை.

“ஒண்ணுங் காட்ட மாட்டீங்குதுங்களே மாப்ள. வேல செய்யுதுங்களா?”

ஒழுங்காக எழுதிய ஸ்கிரிப்ட் காரியம் முடிந்தால் வாயைத் திறக்காது. அதுதான் அதற்கு அழகு. அதை அவருக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் மனிதர் முதன்முதலாக என் பக்கத்தில் நிற்கிறார், ‘ம்’ இல்லாத வாக்கியம் பேசுகிறார். விடுவேனா? அனுப்புகிற கட்டளைக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தேன். ‘லாரிக்குச் சொல்லியாச்சு’ என்று பச்சை நிறத்தில், பெரிய தமிழ் எழுத்தில் திரையில் காட்டுகிற வரி.

இப்போது ஸ்கிரிப்டின் முக்கியமான இடம் இப்படி ஆனது:

லாரி ஆபீஸுக்கு மெசேஜ் அனுப்பு.
‘லாரிக்குச் சொல்லியாச்சு’ என்று காட்டு.
இதற்கு முந்தைய கட்டளை நல்லபடி முடிந்ததா? ஆம் என்றால் ஊருக்குப் போன் போடு.

விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பீர்கள். தெரியாதவர்கள் கொஞ்சம் பொறுங்கள், நானும் அன்றைக்கு உங்கள் கட்சியில்தான் இருந்தேன்.

ஊரில் கிழங்கு முற்றிய நேரம். அன்று சாயங்காலமே வெள்ளோட்டம். மாமனாரின் போனில் ‘லாரி ஆபீஸ்’ என்று இருந்த எண்ணைப் போட்டேன். பொத்தானை அமுக்கும் பாக்கியத்தை அவருக்கே கொடுத்தேன். அமுக்கினார். ‘லாரிக்குச் சொல்லியாச்சு’ என்று பச்சையாக வந்தது. அடுத்து, ‘ஊருக்குச் சொல்லியாச்சு’. ஒரு வாய் காபி குடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது. மாமனார் என் தோளில் கை வைத்து, “கெட்டிக்காரருங்க மாப்ள நீங்க” என்றார். அந்தக் கையின் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது. அன்று சுகமாக இருந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் ஊர் முழுக்கக் காட்டில். மொய் மாதிரி ஆளுக்கு ஆள் முறை வைத்து உதவிக்குப் போவார்கள். இன்று உன் காட்டில் நான், நாளை என் காட்டில் நீ. அதனால் ஒரே நாளில் மளமளவென்று வேலை நடக்கும். குச்சியை வெட்டித் தள்ளி, செடியை ஆட்டிப் பிடுங்கி, மண் உதறி, மூட்டையும் கூடையுமாக பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து குவித்தார்கள். நானும் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன், கும்பாபிஷேகத்துக்கு வந்த மந்திரி கணக்காக. மாமனார் சலவைச் சட்டையில் நின்றிருந்தார். “எல்லாம் எங்க மாப்ள ஏற்பாடுங்க” என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பழனியம்மா அக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஊரிலேயே பெரிய கிழங்குக் காடு அவருடையது.

“ஏனுங்கண்ணா, நேத்து நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், படக்குன்னு வெச்சுப்போட்டீங்க. சாப்டீங்களான்னு ரெண்டு தடவ கேட்டனுங்க. அப்புடி என்னுங்க கோவம் எம்மேல?”

மாமனார் சிரித்து, “அது நானில்லக் கண்ணு, மெசினு” என்றார். பழனியம்மா அக்காவுக்கு அது விளங்கவில்லை. அவர் குரல், அவர் பெயர், அவர் இல்லையென்றால் எப்படி?

லாரி வரவில்லை. காலை பஸ் வந்து போனது. வெயில் ஏறியது. கொண்டை ஊசி வளைவில் எங்கேயாவது பஞ்சராகி நிற்கும் என்றார்கள். கிழங்குக் குவியல் என் உயரத்துக்கு வந்து, என்னைத் தாண்டியும் போனது. வேப்பந்தழை வெட்டி மேலே மூடினார்கள். மதியமானபோது எல்லாரும் மாமனார் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“வந்துருமுங்க” என்றார் அவர். “சொல்லியாச்சுங்க.”

நான் லேப்டாப்பைத் திறந்து, முந்தின நாள் வந்த பச்சை எழுத்தை ஒவ்வொருவருக்கும் காட்டினேன். “பாருங்க, லாரிக்குச் சொல்லியாச்சுன்னு போட்டிருக்கு. தப்பு நம்ம மேல இல்ல. லாரி ஆபீஸ்காரங்கதான் ஏமாத்துறாங்க.” அத்தோடு விட்டேனா? மாமனார் பஸ் நிறுத்தத்தில் சிக்னல் கிடைத்த ஒருவரின் போனை வாங்கி லாரி ஆபீஸைக் கூப்பிட்டபோது, அவர் “நல்லாருக்கீங்களா” என்று ஆரம்பித்ததும் எனக்கு எரிச்சல் வந்து போனை வாங்கிக்கொண்டேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டேன். ஒருவன் தன் கையாலேயே மைக் செட் வைத்துக்கொண்டு மானத்தை வாங்கிக்கொண்டதற்கு நானே சாட்சி.

“சார், நேத்து சாயங்காலம் உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கு. ஆதாரம் எங்க கையில இருக்கு. லாரி எங்க?”

“ஏனுங்க, யாருங்க நீங்க? என்ன மெசேஜி?”

“ரங்கசாமி ஊட்டு மாப்பிள்ளை. இந்த நம்பருக்குத்தான் அனுப்பினேன்.”

“இது மேசை மேல இருக்கற போனுங்க. சுருட்ட வயருல ரிசீவரு தொங்குதுங்க. இதுல மெசேஜி எங்கீங்க வரும்? விடிஞ்சதுல இருந்து எனக்கு மண்ட காயுது, நீங்க வேற.”

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். நான் கேட்டேன், “சரி, இப்பவாவது ஒரு லாரி அனுப்புங்க.”

“எல்லா வண்டியும் திருப்புலி நாட்டுப் பக்கம் லோடுக்குப் போயிருச்சுங்க. நாளான்னிக்குத்தான் ஏற முடியும். ரங்கசாமி அண்ணன் ஒரு போன் போட்டிருந்தார்னா நிறுத்தி வெச்சிருப்பனே. அவரு போடலைன்னதும் இந்த வாரம் உங்கூர்ல லோடு இல்லைன்னு நெனச்சுட்டனுங்க.”

போன் வைக்கப்பட்டது. என் கையிலிருந்த லேப்டாப்பில் பச்சை எழுத்து அப்படியே இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். பூங்கொடி கால் நீட்டி உட்கார்ந்து அவித்த கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தேன். மூன்று வரியைப் படித்தாள்.

“டேய், நடுவுல எதுக்கு இந்த வரி?”

“உங்கப்பா பார்க்கத்தான்.”

“நீ எதோட எண்ணைப் பார்த்திருக்கேன்னு தெரியுதா?”

தெரிந்தது. அந்தப் பிழை எண் பஸ் சீட்டில் போட்ட துண்டு மாதிரி. அடுத்தவன் ஏறினால் அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டுத் தன் துண்டை விரித்துவிடுவான். மெசேஜ் அனுப்பும் கட்டளை, ‘போகவில்லை, இந்த எண் மெசேஜ் வாங்காது’ என்று ஒழுங்காகத் தன் பிழை எண்ணைப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. அடுத்து நான் சேர்த்த பச்சை வரி வந்தது. திரையில் எழுத்தைக் காட்டுவதில் அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை, பூஜ்யம் போட்டுவிட்டது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத்தான் என் ஸ்கிரிப்ட் ஊருக்குப் போன் போட்டது. அதாவது, ‘லாரிக்குச் சொன்னாயா?’ என்று கம்ப்யூட்டரை நான் கேட்கவே இல்லை. ‘சொல்லியாச்சு என்று சொன்னாயா?’ என்று கேட்டிருக்கிறேன். அது சத்தியமாகச் சொன்னது, ஆமாம், சொன்னேன் என்று.

எத்தனை பிள்ளைகளை இதே தப்புக்காக நிற்க வைத்துப் பேசியிருப்பேன். ஒருத்தி அழுதேவிட்டாள். அவள் முகம் அப்போது ஞாபகம் வந்தது.

“போய் அப்பாகிட்ட சொல்லு” என்றாள் பூங்கொடி. “அவரு அங்க என்ன சொல்லிட்டு நிக்கறாரோ.”

திரும்பிப் போவதற்குள் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நடுவில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு.

“லாரி நாளான்னிக்குத்தானுங்க. புடுங்கச் சொன்னது நானுங்க. என்ற கொரலக் கேட்டுத்தானே புடுங்குனீங்க? தப்பு என்றதுதான்.”

“மாமா, தப்பு என்னோடது” என்று நான் நடுவில் புகுந்தேன். “நான் எழுதினதுல ஒரு வரி...” கொஞ்சம் விளக்கினேன். பூஜ்யம், பிழை எண் என்று ஏதேதோ சொன்னேன். ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் பழனியம்மா அக்கா, “வெயில்ல நிக்கறீங்களே மாப்ளைங்க, நெழலுக்கு வாங்க” என்றார்.

மாப்பிள்ளையாக இருப்பதில் உள்ள கொடுமை அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஊரின் கிழங்கெல்லாம் என்னால் வெயிலில் கிடக்கிறது, என்னைத் திட்டுகிற உரிமை ஒருவருக்கும் இல்லை. மரியாதைக் குறைவாக ஒரு சொல் வராது. “தெரியாமப் பண்ணீட்டாரு, உடுங்க” என்கிறார்கள். ஒருவர் தன் பங்கு மோரைக் கொடுக்கிறார். ‘அட மடையா’ என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்து நன்றி சொல்லியிருப்பேன்.

ஆனால் மாமனாரை ஊர் பார்த்த பார்வை மாறிவிட்டது. அதில் கோபமில்லை. கோபம் இருந்தால் ஆறிவிடும். ‘இவர் சொல்லியும் வரவில்லையே’ என்று ஒரு சின்ன யோசனை. இத்தனை வருஷமாக ஒருவர் முகத்திலும் இல்லாத யோசனையை, ஒரு பச்சை வரி எழுதி நான் கொண்டுவந்துவிட்டேன். அதுவும் அவர் குரலிலேயே. அவர் வாழ்நாளில் ஊருக்குச் சொன்ன ஒரே பொய்யை அவர் வாயால் நான் சொல்ல வைத்தேன். இதை எழுதும்போதுகூட என் காது சூடாகிறது.

அன்று பொழுது சாயும்வரை ஊரே கிழங்கை மறுபடி மண்ணுக்குள் போட்டது. மேட்டில் பள்ளம் பறித்து, அடுக்கி, ஈரமண் போட்டு மூடினால் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். பிடுங்கியதை நடுவது மாதிரி ஒரு வேலை. நான் தண்ணீர் சுமந்தேன். என் உள்ளங்கையில் கொப்புளம் வந்ததும் குடத்தை யாரோ வாங்கிக்கொண்டு, “நீங்க உக்காருங்க மாப்ளைங்க” என்றார்கள். கொப்புளத்துக்குக்கூட எனக்கு அருகதை இல்லை என்று உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமனாரிடம் கேட்டேவிட்டேன். “மாமா, என்னை ரெண்டு வார்த்தை திட்டிருங்க. மனசு ஆறும்.”

அவர் நின்றார். நிஜமாகவே யோசித்தார். “மாப்ளையத் திட்டறதுங்களா? அது ஆவாதுங்க” என்றார். பிறகு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அந்த நல்லாருக்கீங்களாவ எடுக்காம இருந்திருக்கலாமுங்க.”

லாரி சொன்னபடி வந்தது. மில்லில் பாயிண்ட்டைக் குறைத்தார்கள். எவ்வளவு என்று எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார்கள்; மாப்பிள்ளையிடம் அதையெல்லாம் சொல்வது முறையில்லையாம். மகள் பிறந்தாள். நான் பெங்களூர் திரும்பி, அழுதேவிட்ட அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். பிரசங்கத்தை நிறுத்திவிட்டேன். மாமனார் மறுபடியும் பாறை ஏற ஆரம்பித்தார்.

ஆனால் ஒன்று மட்டும் பழையபடி ஆகவில்லை. அடுத்த முறை அவர் பாறையிலிருந்து பழனியம்மா அக்காவைக் கூப்பிட்டு லாரி வருகிறது என்று சொன்னபோது, அந்த அம்மாள் உடனே சரி என்று சொல்லவில்லை. “அண்ணா, நீங்களேதானுங்களா? இன்னிக்கி என்ன சோறு?” என்று கேட்டிருக்கிறார். ராகிக் களியும் கீரையும் என்று மாமனார் பதில் சொன்ன பிறகுதான் “சரிங்க, புடுங்கறேன்” என்றாராம். அந்த யோசனை மற்றவர்களுக்கும் பிடித்துப்போனது. இப்போது ஊரில் யாருமே சோறு கேட்காமல் கிழங்கைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டிலும் பரவிவிட்டது. நான் வெளியூரிலிருந்து போன் செய்தால் என் மகள், “அப்பா, என்ன சாப்ட?” என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு, “அம்மா, அப்பாவேதான்” என்று கத்திவிட்டுத்தான் போனைக் கொடுப்பாள். பூங்கொடி ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

நானும் சிரிப்பேன். ஆனால் போன கிழங்குப் பருவத்தில் நான் ஊரில் இருந்தபோது மாமனாரோடு பாறை ஏறினேன். முட்டி ரொம்ப மோசம். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். லாரி ஆபீஸில் பேசி முடித்து, ஊரைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் சொன்னார், சோறும் புளிக்குழம்பும், ஆமாங்க, நான்தானுங்க, சோறும் புளிக்குழம்பும். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. பொய் சொல்லாத மனிதர் தான் தான்தான் என்று வீடு வீடாக நிரூபித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியாகப் பழனியம்மா அக்கா. அந்தப் பக்கம் அவர் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமனார் திரும்பி என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். அப்புறம் போனில் சொன்னார்:

“இருக்கறாருங் கண்ணு, இங்கதான் என்ற பக்கத்துல நிக்கறாரு. ரெண்டு கையுஞ் சும்மாத்தான் இருக்குது. நீ தைரியமாப் புடுங்கு.”